உண்ணி இருந்த சுவர்

போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் உங்களுக்குக் கால்நடைத் துறைப் பயிற்சி நடந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "தீவு தீவாக வேலை பார்த்தவர், புதுசா சேர்ந்த பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். எழுந்து நின்றேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். அது இன்னும் கூச்சமாகப் போய்விட்டது. அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது சிப்பிகாட் ஊரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். கால்நடை மருந்தகத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால் வயது வரும் முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். நடுவில் வேறு வேலை பார்த்ததில்லை. நாயின் வாயை எப்படிக் கட்டுவது, எந்த எடைக்கு எவ்வளவு மருந்து என்பதையெல்லாம் டாக்டர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேன். லாங் ஐலண்டில் இருந்த ஒரு நாயையும் ஒரு பூனையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லாங் ஐலண்ட் சின்னத் தீவு. போட்டில் இறங்கினால் நடைதான். மரத்தொழில் ஓஹோவென்று நடந்த காலத்தில் கட்டிய பலகை வீடுகள், படகு கட்டும் ஜெட்டிக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். ஒரு வீட்டின் பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் இருமுவார்கள். எங்கள் மருந்தகம் ஒற்றை அறை. நான்தான் நிரந்தரம். டாக்டர் பக்கத்துப் பெரிய தீவின் ரங்கத்திலிருந்து போட்டில் வந்து போவார். என்னைவிட வயதில் சின்னப் பெண், மெலிந்த உடம்பு, கடல் கொஞ்சம் ஆடினாலும் வாந்தி எடுப்பார். ஆனாலும் வராமல் இருந்ததில்லை. பச்சை முகத்தோடு இறங்கி, ராணி அக்கா கடையில் ஒரு எலுமிச்சை டீ குடித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

அந்த டாக்டரிடம் நான் பார்த்த முதல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

தீவில் மருந்து தீர்ந்தால் கப்பல் வரும்வரை மருந்து இல்லை. அப்போது கையில் இருப்பதெல்லாம் மருந்தாகிவிடும். உண்ணிக்குப் புகையிலைத் தண்ணீர் ஊற்றுவார்கள், பினாயில் ஊற்றுவார்கள், மாட்டுக்கு வாங்கி வைத்ததைத் தடவுவார்கள். ஒரு நாள், டிங்கி என்கிற சின்னப் படகு ஓட்டும் துரை அண்ணன் ஜெட்டி நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நாய் வருவதற்கு முன்பே டீசல் வாசனை வந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"இன்ஜினுக்கே நல்லதுன்னா நாய்க்கு என்ன கெட்டதா சிஸ்டர்? உண்ணி சாகட்டும்னு ஊத்தினேன். இப்ப தோல் பூரா செவந்து கெடக்கு."

அங்கே எல்லாரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதலில் சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

டாக்டர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் நாயைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ ஊத்துனீங்க அண்ணா?"

"ஒரு கிளாஸ் இருக்கும் மேடம்."

"நக்குச்சா?"

"நக்கப் பார்த்துச்சு. நான் வாயைப் பிடிச்சுக்கிட்டேன்."

"அது நல்ல வேலை பண்ணீங்க. டீசல் வயித்துக்குள்ள போயிருந்தா பெரிய கஷ்டம். தோல் ஆறிடும். சோப்பு எடுங்க, கழுவலாம். இனிமே டீசல் இன்ஜினுக்கு மட்டும், சரியா?"

துரை அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே போன பிறகு, "ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாமே மேடம்" என்றேன்.

"திட்டினா நாளைக்கு அவர் டீசல் ஊத்த மாட்டார்னு நினைக்கிறீங்களா? ஊத்திட்டு நம்மகிட்ட வரமாட்டார். வந்தாலும் என்ன ஊத்தினார்னு சொல்ல மாட்டார். நமக்கு வேண்டியது அந்தப் பதில்தான்."

அந்த நாயின் பெயர் லஷ்கர். போட் வந்தால் கயிறு வீசிக் கட்டுகிற ஆளை இங்கே லஷ்கர் என்பார்கள். இந்த நாய் ஒவ்வொரு போட்டுக்கும் ஜெட்டி முனையில் நின்று, கயிறு விழுந்ததும் குரைத்து, கட்டி முடித்ததும் நிறுத்தும். அதனால் அந்தப் பெயர். பிறந்தது ஜெட்டியில். வளர்த்தது ராணி அக்கா. ராணி அக்காவின் வீட்டுக்காரர் மரத்தொழிலில் வேலை பார்த்து இறந்து போனவர். மகள் போர்ட் பிளேரில் வேலை பார்த்தாள். அக்காவுக்கு ஜெட்டி ஓரம் டீக்கடை, பின்னால் வரிசையில் ஒரு வீடு, லஷ்கர், சீனி என்று ஒரு வெள்ளைப் பூனை. நாயும் பூனையும் கட்டிலுக்கு அடியில் ஒரே சாக்கில் படுக்கும்.

லஷ்கருக்கு உண்ணி போகவே இல்லை. நான் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பார்த்துப் பார்த்துக் கிடுக்கியால் எடுப்பேன். டாக்டர் கொண்டுவந்த சொட்டு மருந்தைக் கழுத்தில் விடுவோம். கொஞ்ச நாள் சுத்தமாக இருக்கும். பிறகு பழையபடி அவரைக்கொட்டை மாதிரி காதோரம் தொங்கும். அது ஓயாமல் கடலில் குதிக்கிற நாய். உப்புத் தண்ணீரில் மருந்து கழுவிப் போகிறது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். டாக்டரும்தான். "கடலைப் பூட்டி வைக்கவா முடியும்" என்று ராணி அக்கா சிரிப்பார். தண்ணீர் பட்டாலும் போகாத மாத்திரைக்கு டாக்டர் எழுதிப் போட்டிருந்தார். அது கப்பலில் வர வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ராணி அக்காவின் பக்கத்து வீட்டு பிமல் தாதாவின் சின்ன மகள் காதில் ஓர் உண்ணி ஏறிவிட்டது.

பிமல் தாதா வங்காளி; அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன், தீதி அக்கா, பாபி அண்ணி. காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். யாரிடமும் சத்தமாகப் பேசாத மனிதர். சுகாதார நிலையத்தில் உண்ணியை எடுத்துவிட்டார்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எடுக்கும்வரை அழுத அழுகையை வரிசையில் எல்லாரும் கேட்டோம். பிமல் தாதா மருந்தகத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"தீதி, நான் சண்டை போட வரல. ராணி பாபி நல்லவங்க. ஆனா என் பொண்ணு ராத்திரி ஆனா காதைப் பொத்திக்கிட்டுப் படுக்குது. எத்தனை நாள் சொல்றது? வரிசையில எல்லாரும் பேசிட்டோம். கடல் அடங்கின உடனே துரை நாயைக் கொண்டுபோய் விட்டுடுவார்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. உங்களில் தீவில் பிறந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வேண்டாம் என்று முடிவான நாயை யாரும் அடிப்பதில்லை, விஷம் வைப்பதில்லை. டிங்கியில் ஏற்றி ஆள் இல்லாத தீவில் விட்டுவிட்டு வருவார்கள். "தண்ணி இருக்கு, நண்டு இருக்கு, பொழச்சுக்கும்" என்பார்கள். எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். பிழைத்துக்கொண்டதா என்று திரும்பிப் போய்ப் பார்த்தவரை நான் சந்தித்ததில்லை.

பிமல் தாதா சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளையின் காது அவருக்கு முக்கியம். 

மழைக்காலம். கடல் அடங்கவில்லை. அது ராணி அக்காவுக்குக் கிடைத்த தவணை. மகளுக்கு போன் போட்டு அழுதிருக்கிறார். மகள் போர்ட் பிளேரில் கடையில் நாய்க்கான உண்ணி மருந்து, விலை கூடிய வகை, வாங்கி, தீவுக்கு வந்துபோகிற ஒருவர் கையில் கொடுத்து அனுப்பினாள். எங்களிடம் கேட்காமலேயே அக்கா லஷ்கர் கழுத்தில் அதை விட்டார். சீனி பக்கத்தில் உட்கார்ந்து தெள்ளுப்பூச்சிக்குச் சொறிந்துகொண்டிருந்தது. நாயிடமிருந்து பூனைக்கு, பூனையிடமிருந்து நாய்க்கு ஒட்டுகிறது, ஒன்றுக்கு மட்டும் போட்டால் எப்படிப் போகும் என்று அக்கா யோசித்தார். யோசித்தது சரிதான். மிச்சம் இருந்த மருந்தை, சின்ன உடம்புக்குச் சின்ன அளவு என்று நிதானமாகக் கணக்குப் பண்ணி, பூனையின் கழுத்திலும் விட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. போட் ரத்து. ராணி அக்கா குடை கூட இல்லாமல் ஓடி வந்தார்.

"தங்கச்சி, சீனி ஒரு மாதிரி இழுக்குது. வா."

போனேன். பூனை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. காது துடித்தது, தோல் அலை அலையாக ஓடியது, வாயில் நுரை. தொட்டால் வெட்டி இழுத்தது. துரை அண்ணன் மழைக்கோட்டோடு வாசலில் நின்றார். டிங்கியை எடுக்கவா என்று கேட்டு அவரே வந்திருந்தார்.

"என்ன போட்டீங்க அக்கா?" என்றேன்.

"ஒண்ணும் போடலையே."

"சாப்பாட்டுல?"

"மீன் சோறு. தினமும் திங்கறதுதான்."

அக்கா கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. வீட்டில் ஒரு மருந்து வாசனை இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு டாக்டரிடம் என்ன சொல்வது? என் சுபாவத்துக்கு ஒருவரை மடக்கிக் கேட்கவும் வராது. டாக்டர் டீசல் விஷயத்தில் கேட்ட குரலை நினைவுக்குக் கொண்டுவந்தேன்.

"அக்கா, நல்லதுக்குத்தான் ஏதாவது போட்டிருப்பீங்க. அது என்னன்னு தெரிஞ்சாத்தான் அதை எடுக்க முடியும்."

 வாசலிலிருந்து துரை அண்ணன் பேசினார்.

"அக்கா, நான் டீசல் ஊத்தினவன். என்னையே அந்தம்மா திட்டல. நீங்க என்னத்த பெருசா ஊத்தியிருக்கப் போறீங்க, சொல்லிருங்க."

அக்கா அழுதுகொண்டே அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அந்தக் குப்பியை எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் வேலையில் இதை மட்டும் மறக்காதீர்கள்: பூனை என்பது சின்ன நாய் இல்லை. நாய்க்கு நல்லது செய்கிற சில உண்ணி மருந்துகள் பூனையின் உடம்புக்கு விஷம். அளவைக் குறைத்தால் சரியாகிவிடாது. அக்கா செய்ததைப் படித்தவர்களும் செய்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டையும் வளர்ப்பவர்களிடம் நாய் மருந்தைக் கொடுக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

போன் அக்காவின் வீட்டு ஜன்னலில் கொஞ்சம் கிடைக்கும். டாக்டரைப் பிடித்தேன். மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 

"பாத்திரம் கழுவற சோப்பு இருக்கா? வெதுவெதுப்பான தண்ணி. சூடும் வேண்டாம், பச்சைத் தண்ணியும் வேண்டாம். நக்க விடாதீங்க. நல்லாக் கழுவி, துடைச்சு, கதகதப்பா இருட்டுல வைங்க. வெளிச்சம், சத்தம் கூடாது."

"செஞ்சிட்டு டிங்கியில கொண்டு வரவா மேடம்?"

பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போய்விட்டது.

கழுவினோம். அக்கா பிடித்துக்கொள்ள, நான் தேய்த்தேன். அவ்வளவு பஞ்சு மாதிரி இருந்த பூனை நனைந்ததும் கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. துடைத்து, அக்காவின் பழைய சேலையில் சுற்றினோம். துரை அண்ணன் இன்னும் வாசலில்தான் நின்றார்.

"சொல்லுங்க சிஸ்டர். கிளம்புவோமா? அலை இருக்கு, ஆனா நான் போயிருவேன்."

"கிளம்பு தங்கச்சி," என்றார் அக்கா. "டாக்டரம்மா கையில கொடுத்துட்டா அவங்க பார்த்துக்குவாங்க."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பதில் சொல்ல டாக்டர் லைனில் இல்லை. ஊசியும் நல்ல மருந்தும் டாக்டரிடம் இருந்தன. ஆனால் அங்கே போக மழையும் அலையும் நனைந்த திறந்த டிங்கியும் இருந்தன. இப்போதுதான் தோலிலிருந்து விஷத்தைக் கழுவியிருக்கிறோம். டாக்டர் கடைசியாகச் சொன்னது கதகதப்பு, இருட்டு, சத்தம் கூடாது என்பது. டிங்கியில் அந்த மூன்றும் கிடையாது. கொண்டு போனால், நடுக்கடலில் பூனை விறைத்துப்போகும், நாம் ஏதோ செய்தோம் என்ற ஆறுதல் மட்டும் நமக்கு மிஞ்சும்.

"போக வேண்டாம்," என்றேன். "இங்கேயே வச்சுப் பார்ப்போம். கடல் அடங்கினா கொண்டு போகலாம்."

"செத்துப் போச்சுன்னா?" என்று அக்கா கேட்டார்.

 பூனையை மடியில் வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். நெருக்கடியில் ஓடுவது சுலபம். உட்கார்ந்திருப்பதற்குத்தான் நெஞ்சு வேண்டும். 

ஜன்னலை மூடிவிட்டதால் பகலிலேயே வீடு இருட்டு. துரை அண்ணன் போகவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைக்காமல் வாயில் வைத்திருந்தார். லஷ்கர் உள்ளே வந்து மோந்து பார்த்துவிட்டு, சுவரோரம் தன் சாக்கில் படுத்தது. துடிப்பு வரும்போதெல்லாம் பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். போகும். மறுபடி வரும். அக்கா எனக்குப் பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு, "உன்னையும் கொன்னு, அவனையும் தீவுல விட்டுட்டு, நான் எதுக்குடி டீக்கடை வச்சிருக்கேன்" என்று பூனையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

நுரையைத் துடைக்கலாம் என்று டார்ச்சைப் போட்டேன். பூனையின் கண்ணில் படக்கூடாது என்று வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

சுவரில் ஏதோ நகர்ந்தது. முதலில் எறும்பு என்று நினைத்தேன். எறும்பு அவ்வளவு மெதுவாகப் போகாது.

பழைய படாக் மரப் பலகைகள். வருஷக்கணக்கான மழையிலும் வெயிலிலும் சுருங்கி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் விரல் நகம் நுழைகிற இடுக்கு. அந்த இடுக்கிலிருந்து உண்ணிகள் வெளியே வந்து சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. கடுகு அளவில் சிலது, மிளகு அளவில் சிலது. டார்ச்சை இடுக்குக்குள் காட்டினேன். உள்ளே பார்த்ததை உங்களுக்கு விவரிக்க வேண்டாம். லஷ்கர் அதற்குக் கீழேதான் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்கியது.

கடலில் மருந்து கழுவிப் போகிறது என்று அத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். நாயை மட்டும் பார்த்தோம். நாயிடம் இருந்தவை இரை தின்ன வந்த கூட்டம். குடியிருப்பு சுவரில் இருந்தது.

அந்தப் பொழுது அக்காவிடம் அதைப் பேசவில்லை. பேசும் நேரம் இல்லை அது. சாயங்காலம் ஆக ஆகத் துடிப்புகளுக்கு நடுவில் இடைவெளி கூடியது. மழை விடும் நேரத்தில் சீனி தலையைத் தூக்கி, என் கையில் ஒரு கடி வைத்தது. அக்கா அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. துரை அண்ணன் படியிலிருந்து எழுந்து, சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கடல் அடங்கியிருந்தது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அதற்குச் சந்தோஷப்பட்டிருப்போம். அன்று ஜெட்டியில் வரிசை வீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். யாரும் கோபமாக இல்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி அமைதியாக இருந்தார்கள். துரை அண்ணன் டிங்கியைக் கட்டுமுனைக்குக் கொண்டுவந்தார். லஷ்கரை எப்படி ஏற்றுவது என்று ஒருவர் கயிறு கொண்டுவந்திருந்தார். அது தேவைப்படவில்லை. டிங்கி வந்ததும் லஷ்கர் தானாகவே உள்ளே குதித்து, முன்னால் போய் நின்று வாலை ஆட்டியது. அதற்குப் படகு என்றால் உயிர். ராணி அக்கா கடைக்குள்ளேயே இருந்துகொண்டார்.

எல்லார் முன்னாலும் நின்று, "உண்ணி சுவரில் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். வாக்கியம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தால், மரைன் ஹில்லில் நீங்கள் பார்த்தது போலத்தான் ஆனது. கூட்டத்தில் ஒருவர், "சிஸ்டர் எதோ சொல்ல வர்றாங்க" என்றதும் இருந்த குரலும் போய்விட்டது.

நேராக பிமல் தாதாவிடம் போனேன். "தாதா, உங்க வீட்டுக்கு ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் வந்தார்.

அவர் வீட்டில், ராணி அக்கா வீட்டோடு ஒட்டிய அந்தச் சுவருக்குக் கீழே, மகளின் பாய் விரித்திருந்தது. பலகை இடுக்கில் டார்ச்சைக் காட்டினேன்.  அந்தப் பக்கம் இருந்தவை இந்தப் பக்கமும் இருந்தன.

பிமல் தாதா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"குத்தா தோ மேரா கர் மே கபி நஹி ஆயா," என்றார். நாய் என் வீட்டுக்குள் வந்ததே இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "நாயை விட்டுட்டா இதுங்க என்ன பண்ணும் தீதி?" என்று கேட்டார்.

நான் மகள் படுக்கும் பாயைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பாயைச் சுருட்டி வெளியே எறிந்துவிட்டு ஜெட்டிக்கு வேகமாக நடந்தார்.

"துரை, உதாரோ. இறக்கு அதை."

லஷ்கர் இறங்க மறுத்தது. படகு கிளம்பப் போகிறது என்று நினைத்து ஏறிய நாய், கிளம்பாமல் எப்படி இறங்கும்? துரை அண்ணன் கடைசியில் இன்ஜினைப் போட்டு, ஜெட்டியைச் சுற்றி ஒரு வளையம் அடித்துக் கொண்டுவந்து கட்டினார். கயிறு விழுந்ததும் லஷ்கர் குரைத்தது, கட்டியதும் நிறுத்தி இறங்கியது. கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். "பிமல், டிக்கெட் எடுத்தியா அதுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். பிமல் தாதா மட்டும் சிரிக்கவில்லை. "மழை முடியறவரைக்கும் பார்ப்போம்" என்று சொன்னார். அது நியாயமான பேச்சு.

டாக்டர் அடுத்த போட்டில் பச்சை முகத்தோடு வந்து இறங்கினார். சீனிக்கு ஊசி போட்டார். சுவரைப் பார்த்தார். "நான் எத்தனை தடவை இந்தக் கடையில டீ குடிச்சிருக்கேன், பத்தடி நடந்து வீட்டைப் பார்க்கல" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு வேலையில் இறங்கினார். பிள்ளைகளையும் பிராணிகளையும் வெளியே வைத்துவிட்டு வரிசை முழுவதும் மருந்து அடிக்க ஏற்பாடு செய்தார். ஒரு தடவையில் முடியாது, முட்டை பொரித்துப் பொரித்து வரும், மறுபடி மறுபடி அடிக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். கப்பலில் மாத்திரை வந்ததும் லஷ்கருக்குக் கொடுத்தோம். சீனிக்குப் பூனைக்கென்றே உள்ளது வந்தது.

ஆனால் இடுக்கு இருக்கிறவரை உண்ணிக்கு வீடு இருக்கும். அதற்கு மருந்துப் பெட்டியில் ஒன்றும் இல்லை. துரை அண்ணன்தான் சொன்னார், "டிங்கியில பலகை விட்டுப்போனா என்ன பண்றோம்? பஞ்சுத் திரியைத் திணிச்சு அடிச்சு மேல பூசறோம். வீடும் பலகைதானே?" மறுவாரமே டிங்கிக்காரர்கள் உளியும் சுத்தியலுமாக வந்து, படகை அடைப்பது போல வீட்டுச் சுவர்களை அடைத்தார்கள். "இனி வெள்ளம் வந்தா வீடு மெதக்கும்" என்று கேலி வேறு. மழை முடிந்தபோது லஷ்கர் காதில் தேடித்தான் ஓர் உண்ணி எடுக்க வேண்டியிருந்தது. பிமல் தாதாவின் மகள் காதைப் பொத்தாமல் தூங்கினாள். நாயைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

நான் லாங் ஐலண்டை விட்டு வந்த நாளில் லஷ்கர் ஜெட்டி முனையில் நின்றது. முகத்தில் நரை விழுந்திருந்தது. கயிறு அவிழ்க்கும்போது அது குரைப்பதில்லை, கட்டும்போதுதான் குரைக்கும். அன்றும் குரைக்கவில்லை. சிப்பிகாட்டில் கடல் சத்தம் கேட்பதில்லை. சில நாள் காலையில் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். அந்தக் குரைப்புதான் என்று பிறகு புரியும்.

அதைவிட அடிக்கடி நினைவுக்கு வருவது, துரை அண்ணன் ராணி அக்காவின் சுவரை அடைத்த மத்தியானம். நான் பக்கத்தில் நின்று பஞ்சுத் திரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் உளியை இடுக்கில் வைத்தபடி கேட்டார்.

"சிஸ்டர், முன்ன ஒரு நாயைக் கொண்டுபோய் விட்டேன். மேலத் தெரு நாய். அதுவும் உண்ணின்னுதான் சொன்னாங்க. அது படுத்த வீட்டுச் சுவரை யாரும் பார்த்திருக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க அண்ணா."

அவர் ஒரு பலகை நீளத்துக்கு அடித்து முடித்தார்.

"டிங்கிக்குப் பின்னால கொஞ்ச தூரம் நீந்தி வந்துச்சு," என்றார். பிறகு திரும்பாமல் கையை மட்டும் நீட்டினார். நான் அடுத்த திரியைக் கொடுத்தேன்.

உங்கள் பையில் கிடுக்கி இருக்கும், மருந்து இருக்கும். ஒரு டார்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள்.